பூண்டும் வெங்காயமும் காய் திரள்வது எப்படி?
கரிசல் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பூண்டு விலை சில்லறைக் கடைகளில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. அப்படி விலை ஏறும்போதெல்லாம் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் விவசாயிகள் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. "நம் நிலத்தில் சின்ன வெங்காயம் நன்றாக விளைகிறது. வெங்காயத்துக்கு உறவான பூண்டு மட்டும் ஏன் விளையாது? இரண்டு ஏக்கரில் வைத்துப் பார்த்தால் என்ன?" என்பதே அது.

நியாயமான கேள்விதான். ஆனால் பூண்டுக்கு விதை என்பது பல்தான். ஏக்கருக்கு 200 கிலோவுக்குக் குறையாமல் பல் வேண்டும். கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலும் விதைச் செலவு மட்டும் 60,000 ரூபாய் ஆகிறது. மழையை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு இது விளையாட்டுப் பணம் அன்று. நட்டபின் தாள் செழித்து வளர்ந்து, கீழே காய் திரளாமல் போனால் அந்தக் கடன் பல வருடங்களுக்குக் கழுத்தை விடாது.

எனவே பணத்தைப் போடுவதற்கு முன்பு, பூண்டுச் செடியும் வெங்காயச் செடியும் காய் திரட்டும்போது அவற்றின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் பூண்டை வளர்த்து ஆராய்ந்தவர்கள் இதற்கு விடை சொல்லுகிறார்கள். அந்த விடை பூண்டு நடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும். அதைவிட முக்கியமாக, இப்போது கரிசலில் விளையும் சின்ன வெங்காயத்தின் காயைப் பருமனாக்கவும், அழுகாமல் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கவும் உதவும்.

நொதி என்பது என்ன?

செடியின் உடலில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலைக்காரன் உண்டு. அதற்கு நொதி என்று பெயர். என்சைம் என்றும் சொல்லுவார்கள். நொதி ஒருவகைப் புரதம். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றிவிட்டு, தான் தேய்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கம்பையோ கேழ்வரகையோ ஊறவைத்து முளை கட்டி, காயவைத்து அரைத்தால் மாவு இனிக்கிறது. முளை கட்டாத தானியத்தின் மாவு அப்படி இனிப்பதில்லை. காரணம், முளைவிடும்போது தானியத்துக்குள் ஒரு நொதி பிறந்து மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கிறது. கத்தரிக்காயை நறுக்கிவைத்தால் சற்று நேரத்தில் கறுத்துப்போவதும் நொதியின் வேலையே.

நொதிகளுக்குச் சில குணங்கள் உண்டு. ஒரு நொதி ஒரு வேலையைத்தான் செய்யும். வேலை செய்ய ஈரம் வேண்டும். ஏற்ற வெப்பநிலை வேண்டும். கொதிக்க வைத்தால் அழிந்துபோகும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

காய் என்பது எது?

வெங்காயத்தையும் பூண்டையும் காய் என்று சொன்னாலும் அவை காய்களும் அல்ல, கிழங்குகளும் அல்ல. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரிகிறது. ஒவ்வொரு வளையமும் ஓர் இலையின் அடிப்பாகம். இலையின் அடி பருத்து, ஒன்றை ஒன்று மூடிக்கொண்டு திரண்டதே வெங்காயம். இதைக் குமிழ் என்று நூல்களில் எழுதுவார்கள்.

பூண்டு சற்று வேறு. அதன் இலைகளின் அடி பருப்பதில்லை. இலைக்கக்கத்தில் உள்ள மொட்டுகள் ஒவ்வொன்றும் பருத்து ஒரு பல் ஆகிறது. பழைய இலைகளின் அடிப்பாகம் காய்ந்து, பற்களை மூடும் வெள்ளைத் தோலாகிறது.

இரண்டிலும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. காய் திரளும் நேரத்தில் செல்கள் நீளவாட்டில் வளர்வதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் உப்புகின்றன. மேலே இலை செய்த சர்க்கரை முழுவதும் கீழே இறங்குகிறது. அதுவரை தாள் வளர்த்துக்கொண்டிருந்த செடி, அன்று முதல் சேமிக்கத் தொடங்குகிறது. இந்தத் திருப்பம் எப்போது வருகிறது, எதனால் வருகிறது என்பதில்தான் விவசாயியின் லாபமும் நட்டமும் அடங்கியிருக்கின்றன.

குடுவைக்குள் பூண்டு

பூண்டை ஏன் குடுவைக்குள் வளர்க்க வேண்டும்? பயிராகும் பூண்டில் நல்ல விதை பிடிப்பதில்லை. பல்லைத்தான் நட வேண்டும். ஆகவே தாய்ச்செடியில் நச்சுயிர் நோய் இருந்தால் அது பல் வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து, விளைச்சல் படிப்படியாகக் குறைகிறது.

இதற்குப் பரிகாரமாகவே திசு வளர்ப்பு வந்தது. வாழையில் திசு வளர்ப்புக் கன்றுகளை விவசாயிகள் நன்கு அறிவார்கள். பூண்டிலும் முறை ஏறத்தாழ அதுதான். பல்லின் நடுவில் உள்ள முளையின் நுனியில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துணுக்கை உருப்பெருக்கியின் கீழ் வெட்டி எடுக்கிறார்கள். அந்த நுனியில் பெரும்பாலும் நச்சுயிர் இருப்பதில்லை. உப்புச்சத்துகள், சர்க்கரை, வைட்டமின்கள் ஆகியவற்றைக் கலந்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் சேர்த்துக் கூழாக்கி, அதன்மேல் துணுக்கை வைக்கிறார்கள். உலகெங்கும் பெரிதும் பயன்படும் ஊட்டக்கலவையை முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962இல் வெளியிட்டார்கள். இந்தக் கூழை 121 டிகிரி சென்டிகிரேட் நீராவியில் அழுத்தத்தோடு வேகவைத்துக் கிருமி நீக்குவார்கள். வீட்டுக் குக்கரின் வேலையும் இதே தத்துவம்தான்.

குடுவைக்குள் முதலில் சிறு செடி வளர்கிறது. ஆனால் வளர்ந்துவிட்டதாலேயே அது காய் திரட்டிவிடுவதில்லை. மூன்று காரியங்கள் கூடும்போதுதான் செடியின் அடியில் சிறிய மணி போன்ற குமிழ் உண்டாகிறது. முதலாவது, நீண்ட பகல். விளக்கை நாள் ஒன்றுக்கு 16 மணி நேரம் எரியவிடுகிறார்கள். இரண்டாவது, குளிர். பல்லையோ செடியையோ சில வாரங்கள் குளிரில் வைத்தெடுத்தால் குமிழ் விரைவில் திரள்கிறது. மூன்றாவது, சர்க்கரை. கூழில் சாதாரணமாகச் சேர்க்கும் 3 சதவீதத்தைவிட அதிகமாகச் சர்க்கரை வைத்தால் குமிழ் நன்றாகப் பருக்கிறது. செடிகளில் இயற்கையாகவே உண்டாகும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தாலும் குமிழ் திரளுவது கூடுகிறது.

குடுவைப் பூண்டு காட்டும் பாடம் இதுவே: காய் திரளுவதற்குச் செடி பச்சையாக இருந்தால் மட்டும் போதாது, ஏற்ற பருவமும், கையிருப்பில் சர்க்கரையும் வேண்டும்.

காய் திரளும்போது வேலை செய்யும் நொதிகள்

இலையில் உண்டாகும் சர்க்கரை, கரும்புச் சர்க்கரையாக, அதாவது சுக்ரோஸாகக் கீழே இறங்குகிறது. அங்கே இன்வர்டேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. ஒரு துகள் இரண்டாகும்போது செல்லுக்குள் கரைசல் அடர்த்தியாகிறது. அடர்த்தியான கரைசல் தண்ணீரை இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காய்த் துண்டிலிருந்து தண்ணீர் வெளியே வருவதும் இதே விதியால்தான். இங்கே தண்ணீர் உள்ளே வருகிறது, செல் உப்புகிறது, காய் பருக்கிறது. காய் பருக்கும் நாட்களில் மண்ணில் ஈரம் இல்லையென்றால் இழுப்பதற்குத் தண்ணீர் ஏது?

அடுத்ததாக வேறொரு கூட்டத்து நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. அவை பிரக்டோஸ் துகள்களை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்குகின்றன. இந்தச் சங்கிலிக்குப் பிரக்டான் என்று பெயர். நெல்லும் சோளமும் மாவுப்பொருளைச் சேமிக்கின்றன. பூண்டும் வெங்காயமும் மாவுப்பொருளைச் சேமிப்பதில்லை; பிரக்டானைச் சேமிக்கின்றன. பூண்டுப் பல்லில் தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி பிரக்டான்தான்.

பிரக்டான் அதிகமாகச் சேர்ந்த காய் கெட்டியாக இருக்கும். நெடுநாள் கெடாமல் இருக்கும். சின்ன வெங்காயம் பெரிய வெங்காயத்தைவிட அதிக நாள் தாங்குவதற்கு, அதில் தண்ணீர் குறைந்து திடப்பொருள் கூடியிருப்பதும் ஒரு காரணம். காய் முற்றுவதற்கு முன்பே பிடுங்கினால், சங்கிலி கோக்கும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் காயில் தண்ணீரும் தனிச் சர்க்கரையும் மிஞ்சி நிற்கும். பூசணத்துக்கு அதைவிட நல்ல தீனி வேறில்லை.

மூன்றாவது கட்டம் முளைப்பு. ஓய்வு முடிந்ததும் இன்னொரு நொதி, கோத்த சங்கிலியை ஒவ்வொன்றாக அவிழ்த்து மீண்டும் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் முளை வெளியே வருகிறது. முளைத்த வெங்காயம் எடை குறைந்து தொளதொளப்பாவது இதனால்தான்.

காரம் எங்கிருந்து வருகிறது?

முழுப் பூண்டுப் பல்லை முகர்ந்தால் வாசனை மிகக் குறைவு. நசுக்கினால் உடனே நெடி கிளம்புகிறது. பல்லின் செல்களில் அலியின் என்ற கந்தகப் பொருள் ஓரிடத்திலும், அலினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே பூட்டி வைக்கப்பட்டுள்ளன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அலிசின் என்ற காரப்பொருள் உண்டாகிறது. இந்த அலிசினை 1944இல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள்.

பூண்டை முழுதாகப் பாலில் வேகவைத்தால் காரம் இல்லாமல் மாவுபோல் ஆகிவிடுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். சூட்டில் நொதி அழிந்துவிடுகிறது. பிறகு நசுக்கினாலும் அலிசின் உண்டாவதில்லை.

வெங்காயத்தில் கண்ணைக் கரிக்கச் செய்வதற்குத் தனியாக இன்னொரு நொதி இருப்பதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூண்டானாலும் வெங்காயமானாலும் காரத்துக்கு மூலம் கந்தகம். நிலத்தில் கந்தகச் சத்து குறைந்தால் காரமும் மணமும் குறையும். இதை உரம் இடும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

பகலும் குளிரும்

செடிகள் பகலின் நீளத்தை அளந்து பருவத்தை அறிகின்றன என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920இல் புகையிலை, சோயா மொச்சைப் பயிர்களில் நிரூபித்தார்கள். வெங்காயமும் பூண்டும் அப்படியே. பகல் ஓர் அளவைத் தாண்டியதும் இலையிலிருந்து "இனிச் சேமி" என்ற செய்தி கீழே இறங்குகிறது. வெங்காயத்தில் இந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் மரபணுவையும், அதைத் தடுத்து நிறுத்தும் இன்னொரு மரபணுவையும் நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் அடையாளம் காட்டினார்கள்.

இந்த அளவு இரகத்துக்கு இரகம் வேறுபடும். ஐரோப்பிய வெங்காய இரகங்களில் பலவற்றுக்கு 14 முதல் 16 மணி நேரப் பகல் வேண்டும். நம் சின்ன வெங்காயத்துக்கோ 12 மணி நேரத்துக்கும் குறைவான பகலே போதும்.

கோவில்பட்டியின் நிலை என்ன? இவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. மார்கழியில் பகல் ஏறத்தாழ 11 மணி 35 நிமிடம். ஆனியில் ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம். ஆண்டு முழுவதிலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். குளிர்காலத்து இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

பூண்டு அதிகமாக விளையும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பகுதிகளைப் பாருங்கள். ஐப்பசி வாக்கில் நடுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 10 டிகிரி வரை இறங்குகிறது. செடி நன்றாகக் குளிர் குடிக்கிறது. அதன்பின் மாசி, பங்குனியில் பகல் நீண்டுகொண்டே போகிறது, வெயிலும் ஏறுகிறது. அப்போது பல் திரள்கிறது.

கொடைக்கானல் மலையில் பகல் கோவில்பட்டியைவிட அதிக நீளம் இல்லையே, அங்கே எப்படி விளைகிறது என்று கேட்கலாம். அங்கே குளிர் கைகொடுக்கிறது. போதிய குளிர் கிடைத்த பூண்டுக்கு அவ்வளவு நீண்ட பகல் தேவைப்படுவதில்லை. அத்துடன் அந்த மலைக்கே பழகிப்போன இரகத்தைத்தான் பூம்பாறை, மன்னவனூர் விவசாயிகள் தலைமுறையாக நட்டு வருகிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மலையில் விளைந்தது பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தையில் விலை பேசப்படுகிறது.

கரிசலில் பூண்டு வைக்கலாமா?

மேலே கண்டவற்றிலிருந்து விடை தானே வருகிறது. கோவில்பட்டிக் கரிசலில் நீண்ட பகலும் இல்லை, குளிரும் இல்லை. பூண்டுப் பல்லை நட்டால் முளைக்கும், தாள் விடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடியில் பல் பிரிவது அரிது. ஒற்றைப் பல்லாக நிற்கும், அல்லது வெறும் தாளாகவே காய்ந்துவிடும். உரத்தைக் கூட்டினாலும் தண்ணீரைக் கூட்டினாலும் இதை மாற்ற முடியாது. பருவச் செய்தி வராத செடியில் சேமிக்கும் நொதிகளுக்கு வேலை வருவதில்லை.

திசு வளர்ப்புப் பூண்டு என்று யாராவது விற்க வந்தாலும் இதையே நினைவில் கொள்ள வேண்டும். திசு வளர்ப்பு நச்சுயிரை நீக்கும். செடியின் குணத்தை மாற்றாது. குடுவைக்குள் குளிரையும் 16 மணி நேர வெளிச்சத்தையும் மனிதன் கொடுத்தான். வயலில் அதை யார் கொடுப்பது?

ஆசை உள்ளவர்கள் பணம் செலவழிக்காமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 100 பல் எடுத்து இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைக் காகிதப் பையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மாதம் வைத்திருங்கள். மறு பங்கை வீட்டில் சாதாரணமாக வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டையும் கிணற்றடியில் அடுத்தடுத்த பாத்திகளில் நட்டு, பங்குனியில் தோண்டிப் பாருங்கள். குளிரில் வைத்த பல் வித்தியாசம் காட்டக்கூடும். ஆனால் எத்தனை செடியில் பல் பிரிந்தது, போட்ட எடைக்கு எத்தனை மடங்கு திரும்பியது என்று எடைபோட்டுப் பார்த்தபின்தான் ஏக்கர் கணக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கரிசலுக்கு ஏற்றது சின்ன வெங்காயம்

கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்ட சின்ன வெங்காயம், ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் மார்கழியில்கூடக் காய் திரட்டுகிறது. குறும்பகலுக்குப் பழகிய பயிர் அது. பூண்டைப் பற்றிக் கற்ற பாடத்தை இந்தப் பயிரில் பயன்படுத்துவதே விவேகம்.

விதைக்காய்: ஏக்கருக்குக் காயின் பருமனைப் பொறுத்து 400 முதல் 600 கிலோ வரை ஆகும். புதிதாகப் பிடுங்கிய காய் ஓய்வில் இருக்கும். உடனே நட்டால் ஒன்றுபோல் முளைக்காது. 2 மாதமாவது ஆறிய, நடுத்தரப் பருமனுள்ள, கெட்டியான காய்களையே நட வேண்டும். அடி அழுகியதையும் பூசணம் பூத்ததையும் நீக்கிவிட வேண்டும். விதைக்காய்ச் செலவு தாங்காதவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 இரகத்தைப் பற்றி விசாரிக்கலாம். இதை விதையிலிருந்து நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ விதையே போதும். ஆனால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வசதி வேண்டும்.

பெரிய வெங்காய விதை வாங்குகிறவர்கள், அது எந்தப் பருவத்துக்கு, எந்தப் பகுதிக்கு உரியது என்று கேட்டு வாங்க வேண்டும். வேறு பருவத்துக்குரிய விதையை இட்டால் பூண்டுக்கு நேரும் கதியே அதற்கும் நேரும்.

நடவு: 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, பாரின் இரு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு காயாக ஊன்ற வேண்டும். கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அதனால் வடிகால் வாய்க்கால் அவசியம். நெருக்கி நட்டால் ஒன்றின் நிழல் ஒன்றின்மேல் விழுந்து, இலைகள் போதிய அளவு வருமுன்பே காய் திரளத் தொடங்கிவிடும். காய் சிறுத்துப்போகும்.

களை: காயின் பருமன், காய் திரளத் தொடங்கும் நாளில் செடியில் எத்தனை இலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்க்கரை செய்வது இலைதானே! முதல் 40 நாட்களில் களை இல்லாமல் வைத்திருந்தவன் பாதிக் காரியத்தை முடித்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கும் களை, செலவுக்குத்தான் கணக்கு, காய்க்குக் கணக்கில்லை.

உரம்: தொழு உரம் ஏக்கருக்கு 10 டன் இட்டு உழ வேண்டும். பாசன வெங்காயத்துக்கு அடியுரமாகத் தழைச்சத்து 12 கிலோ, மணிச்சத்து 24 கிலோ, சாம்பல் சத்து 12 கிலோ இட்டு, நட்ட 30ஆம் நாள் மேலுரமாகத் தழைச்சத்து 12 கிலோ இட வேண்டும். மானாவாரியில் ஈரத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக இடுவது நல்லது. 24 கிலோ மணிச்சத்துக்கு 150 கிலோ சூப்பர் பாஸ்பேட் ஆகும். அதன் மூலம் சுமார் 16 கிலோ கந்தகமும் செலவில்லாமல் கிடைக்கிறது. டி.ஏ.பி. உரத்தில் இந்தக் கந்தகம் கிடையாது.

30 நாளுக்குப் பிந்தி யூரியா இடுவது பலர் செய்யும் தவறு. காய் திரளும் நேரத்தில் தழைச்சத்து கொடுத்தால் செடி மீண்டும் தாள் விடத் தொடங்கும். கழுத்து தடித்துப்போகும். தடித்த கழுத்து ஆறாது. அதன் வழியே பூசணம் இறங்கும்.

தண்ணீர்: காய் பருக்கும் நாட்களில்தான் இன்வர்டேஸ் நொதியின் வேலை உச்சத்தில் இருக்கும். நட்ட 40 நாளுக்குப் பிறகு வரும் இந்தக் கட்டத்தில் மழை பொய்த்தால், பண்ணைக்குட்டையில் தேக்கிய தண்ணீரை ஒரே ஒரு முறை கொடுத்தாலும் பலன் பெரிது. ஆரம்பத்தில் தாராளமாகப் பாய்ச்சிக் குட்டையை வற்றவிடுவதைவிட, இந்த நாளுக்கென்று தண்ணீரை மிச்சம் வைப்பது மேல். அதேபோல் அறுவடைக்கு 10 முதல் 15 நாளுக்கு முன் தண்ணீரை அறவே நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் காய்க்குள் தண்ணீர் குறைந்து, சங்கிலி கோக்கும் வேலை நிறைவேறும்.

இலைப்பேன்: மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் இலையில் வெள்ளித் திட்டுகள் தெரிந்தால் அது இலைப்பேன். பச்சையம் போன இலை சர்க்கரை செய்யாது. 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை ஆரம்பத்திலேயே தெளிப்பது சிக்கனமான வழி. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் தண்ணீருடன் சேர்த்து, சிறிது காதி சோப்புக் கரைசலைக் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

அறுவடையும் பட்டறையும்

பாதிக்கு மேற்பட்ட செடிகளில் தாள் கழுத்தில் மடங்கிச் சாய்ந்தால் அறுவடைக்குத் தயார். இலையின் சரக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். விலை நன்றாக இருக்கிறது என்று பச்சைத் தாளோடு பிடுங்குகிறவர்கள் உடனே விற்றுவிட வேண்டும். இருப்பு வைக்க அந்தக் காய் உதவாது.

பிடுங்கிய காயை 4, 5 நாள் நிழலில் உலர்த்த வேண்டும். கழுத்து சுருங்கி, மேல்தோல் சலசலக்க வேண்டும். தாளை அரிவதானால் 2 சென்டிமீட்டர் கழுத்தை விட்டு அரிய வேண்டும். ஒட்ட அரிந்தால் காயம் காய்க்குள்ளேயே ஏற்படும்.

வெங்காயம் முளைவிடுவது நடுத்தரமான வெப்பத்தில்தான் அதிகம். 10 முதல் 20 டிகிரி வரை உள்ள வெப்பம் முளைப்புக்கு மிக ஏற்றது. 25 முதல் 30 டிகிரியில் முளைப்பு தாமதமாகிறது. ஆகவே கரிசல் பூமியின் வெப்பம் வெங்காய இருப்புக்குப் பகை அன்று. பகை ஈரம்தான். பட்டறை போடுகிறவர்கள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல்லும் கம்பும் அடுக்கி, அடியிலும் பக்கத்திலும் காற்று நுழையும்படி படல் கட்ட வேண்டும். அகலம் 4 அடிக்கு மேல் போனால் நடுவில் இருக்கும் காய் புழுங்கும். மேலே ஓலை வேய்ந்து மழைத்துளி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்து அழுகலை நீக்க வேண்டும். ஓர் அழுகல் காய் பக்கத்தில் உள்ள பத்தைக் கெடுக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பூண்டுக்குக் குளிரும், அதன்பின் நீளும் பகலும் வேண்டும். கரிசலில் இரண்டும் இல்லை. சோதித்துப் பார்க்காமல் பணத்தைப் போட வேண்டாம்.
2. திசு வளர்ப்பு நோயை நீக்கும், பருவத்தை மாற்றாது.
3. வெங்காயத்தில் முதல் 40 நாள் இலைக்கு. அடுத்த நாட்கள் காய்க்கு. களையும் தழைச்சத்தும் முதல் கட்டத்தோடு முடிய வேண்டும்.
4. ஒரு தண்ணீர்தான் கொடுக்க முடியும் என்றால் அதைக் காய் பருக்கும் நாளில் கொடுக்க வேண்டும்.
5. தாள் சாய்ந்தபின் பிடுங்கி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான பட்டறையில் வைத்தால் விலை வரும்வரை காத்திருக்கலாம்.

நிலத்தின் மண்ணைப் பரிசோதித்து உர அளவைத் திட்டமாகத் தெரிந்துகொள்ளவும், இரகம் பற்றி ஆலோசனை பெறவும் விவசாயிகள் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தையோ, தங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ அணுகலாம். புரட்டாசி மழைக்கு முன்பே, அதாவது ஆடி, ஆவணி மாதங்களிலேயே மண் மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டால், நடவு நேரத்துக்குள் முடிவு கையில் கிடைத்துவிடும்.